மூன்று முறை வரவில்லை என்றேன்

குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. சாலையைப் பார்த்த ஒரு கடை. கூரையிலிருந்து ஸ்கூல் பேக்குகள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. உள்ளே புது ரெக்சின் வாசனை. மதியம் மூன்று மணி வெயில் கடைக்குள் பாதி தூரம் வந்து நின்றது. நானும் நின்றேன். ஒரு கையில் டிபன் கேரியர் வைக்கிற சாப்பாட்டுப் பை, இன்னொரு கையில் போன்.

போனில் என் மகள் பிரிசில்லா.

"அப்பா, உங்க நம்பருக்கு ஒரு ஓடிபி வந்திருக்கா பாருங்க."

காதிலிருந்து போனை எடுத்துப் பார்த்தேன். வந்திருந்தது. ஆறு எண்கள், பளிச்சென்று.

"வரலையேம்மா" என்றேன்.

எனக்கு அப்போது வயது ஐம்பத்து மூன்று. சேலையூரில் எங்கள் சபைக்குச் செயலாளர். ஞாயிறு பள்ளியில் பத்து வருஷம் குழந்தைகளை நிற்க வைத்து, பொய் சொல்லக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தவன். இத்தனை தகுதியும் உள்ள ஒரு மனிதன் இவ்வளவு சுலபமாகப் பொய் சொல்வான் என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. குரல்கூட நடுங்கவில்லை.

போன வாரம் இந்தப் பக்கத்தில், சபையின் பாடகர் குழுவிலிருந்து என்னை மரியாதையாக வெளியே அனுப்பிய கதையை எழுதியிருந்தேன். என் மனைவி எஸ்தர் படித்து முடித்துப் பத்திரிகையை மடித்து வைத்தாள். "குரல் நல்லா இல்லாததெல்லாம் ஒரு தப்பா? தைரியம் இருந்தா அந்த ஓடிபியை எழுதுங்க, பாக்கலாம்" என்றாள். முப்பது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரம்மாவாக இருப்பவள். அவள் போடுகிற மார்க்கில் கருணை இருக்காது.

எழுதிவிடுகிறேன்.

அப்ளிகேஷன் சார்

சேலையூரில் கேம்ப் ரோடு பக்கம் வந்து என் பெயரைச் சொல்லிக் கேட்டால் பத்துப் பேரில் எட்டுப் பேருக்குத் தெரியாது. 'அப்ளிகேஷன் சார்' என்று கேளுங்கள், வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள்.

ஓர் அரசு உதவிபெறும் பள்ளியில் நான் எழுத்தர். விண்ணப்பம் நிரப்புவது தொழில் என்பதைவிட வியாதி என்று சொல்வதுதான் சரி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால் நாலு பேர் காகிதத்தோடு நிற்பார்கள். பாஸ்போர்ட், ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, முதியோர் பென்ஷன், பையனுக்கு டிப்ளமோ அட்மிஷன். எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வேன். கறுப்பு மை, பெரிய எழுத்து, கட்டத்துக்கு ஓர் எழுத்து. அடித்தல் திருத்தல் என்பதே என் சரித்திரத்தில் கிடையாது.

ஒரு கெட்ட பழக்கம் மட்டும் உண்டு. கேட்காமலேயே நிரப்பிவிடுவேன். ஆளைப் பார்த்தாலே எனக்குப் பதில் தெரிந்துவிடும் என்று ஒரு நினைப்பு. கைபேசி எண் என்று ஒரு கட்டம் வந்த பிறகு இந்தப் பழக்கம் முற்றிப்போனது. யாராவது நம்பரை மறந்துவிட்டு யோசித்தால், "இருக்கட்டும், நம்ம நம்பரையே போட்டுடறேன்" என்பேன். விளைவாக, சேலையூரில் பாதிப் பேருக்கு கேஸ் சிலிண்டர் புறப்பட்டுவிட்ட செய்தி இன்றைக்கும் எனக்குத்தான் வருகிறது.

ஊர் பாரத்தையே இப்படி நிரப்புகிறவன், சொந்த மகளின் பாரத்தை விடுவேனா? எல்.கே.ஜி.யிலிருந்து நான்தான். அவள் பத்தாம் வகுப்பு முடிப்பதற்கு முன்பே அவளுக்கு ஒரு மெயில் ஐடி உண்டாக்கினேன். பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று சேர்த்து.

"அப்பா, நான் இன்னும் டென்த்தே எழுதலை" என்று அவள் அலறினாள்.

"பின்னாடி மெயில் ஐடி மாத்தறது பெரிய வேலைம்மா" என்றேன்.

அதோடு அந்த மெயிலை நான் திறந்ததே இல்லை. எல்லாம்தான் போனுக்கு வந்துவிடுகிறதே. பிளஸ் டூ, நீட் என்று இரண்டு வருஷம் அவளுக்குப் போன் கிடையாது என்று சட்டம் போட்டதும் நான்தான். அதனால் எந்த விண்ணப்பமாக இருந்தாலும் மாணவர் கைபேசி எண் என்ற கட்டத்தில் என் நம்பர், பெற்றோர் கைபேசி எண் என்ற கட்டத்திலும் என் நம்பர். இரண்டு கட்டத்திலும் ஒரே எண் இருந்ததைக் கம்ப்யூட்டர்கூட ஆட்சேபிக்கவில்லை. நீட் முடிந்து அவள் கைக்கு ஒரு போன் வந்த பிறகும் அந்தக் கட்டங்களில் என் நம்பர்தான்.

பக்கத்துக் காலேஜ், தூரத்துக் காலேஜ்

பிரிசி நன்றாகப் படித்தாள். நல்ல மார்க் வாங்கினாள். முந்தைய வருஷக் கணக்கைப் பார்த்தால் இரண்டு அரசு மருத்துவக் கல்லூரிகள் நிச்சயம் கைக்கு எட்டும் என்று தெரிந்தது. இரண்டும் நம் மாநிலம்தான். பெயர் வேண்டாமே. எங்கள் வீட்டில் அவற்றுக்கு வைத்த பெயர் பக்கத்துக் காலேஜ், தூரத்துக் காலேஜ்.

பக்கத்துக் காலேஜுக்குத் தாம்பரத்தில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரம். காலையில் போய் மாலையில் வீட்டுக்கு வந்துவிடலாம். தூரத்துக் காலேஜ் தெற்குக் கோடியில். ஒரு ராத்திரி முழுக்க ரயில். ஹாஸ்டல். ஆனால் பழைய கல்லூரி, பெரிய ஆஸ்பத்திரி, சுற்றுவட்டாரம் முழுக்க அங்கேதான் நோயாளிகள் வருவார்கள்.

கலந்தாய்வு எல்லாம் இப்போது ஆன்லைனில்தான். எந்தக் கல்லூரி முதலில், எது இரண்டாவது என்று வரிசை போட்டுச் சேமிக்க வேண்டும். பிறகு 'லாக்' செய்ய வேண்டும். கடைசி நாள் மாலை ஐந்து மணி வரை வரிசையை மாற்றலாம், ஆனால் மாற்றுவதற்குப் போனுக்கு வருகிற ஓடிபி வேண்டும். ஐந்து மணிக்குள் லாக் செய்யாவிட்டால், கடைசியாகச் சேமித்த வரிசை தானாகப் பூட்டிக்கொள்ளும். இந்த விதியைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். என் அயோக்கியத்தனம் முழுக்க இதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

முடிவெடுக்க வசதியாக நான் ஓர் அட்டவணை தயாரித்தேன். இருபத்து மூன்று அம்சங்கள், இரண்டு கல்லூரிகளுக்கும் மதிப்பெண். துளிகூடப் பாரபட்சம் கிடையாது என்று நானே சொல்லிக்கொண்டு டைனிங் டேபிளில் விரித்தேன். எஸ்தர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள்.

"நாலாவது, வீட்டிலிருந்து தூரம். ஒம்போதாவது, பயண நேரம். பதினாறாவது, லீவுல வந்துபோற வசதி. ஏங்க, ஒரே விஷயத்தை மூணு தடவ எழுதியிருக்கீங்களே?"

"மூணும் வேற வேற."

"இருபத்தோராவது, அம்மா சமையல். தூரத்துக் காலேஜுக்கு முட்டை போட்டிருக்கீங்க. என் சமையலைப் பத்தி இந்த வீட்டுல இவ்வளவு நல்ல அபிப்பிராயம் இருக்குன்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்."

பிரிசி சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "உங்களுக்கு எதுப்பா பிடிச்சிருக்கு?"

"எனக்கென்னம்மா? முடிவு உன்னுதுதான்" என்றேன்.

அந்த ஒரு மாதத்தில் இந்த வாக்கியத்தை நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். எனக்கு அதில் ஒரு பெருமை. எப்பேர்ப்பட்ட அப்பா பார், மகள் மேல் எதையும் திணிக்கவில்லை என்று.

என் பெருமைக்குக் காரணம் என் அப்பா. அவர் தாம்பரம் ரயில்வே ஷெட்டில் வேலை பார்த்தவர். நான் பிளஸ் டூ முடித்த காலத்தில் எனக்கு இரண்டு ஆசைகள் இருந்தன. பௌதிகம் படிக்கலாம், அல்லது ஓவியக் கல்லூரிக்குப் போகலாம். ஒரு மத்தியானம் கிரிக்கெட் ஆடிவிட்டு வியர்வையோடு வீட்டுக்கு வந்தேன். பி.காம். விண்ணப்பம் முழுக்க நிரப்பி மேஜை மேல் இருந்தது. "கையெழுத்து மட்டும் போடு" என்றார். போட்டேன். பதினைந்து நாள் அவரோடு பேசாமல் இருந்தேன். அவர் அதைக் கவனிக்கவேயில்லை. அவரை மாதிரி நான் இருக்க மாட்டேன் என்று அன்றைக்கே தீர்மானம் செய்தேன். அதனால்தான் அட்டவணை போட்டேன்.

டார்ச் பிடித்தவள்

இரண்டு கல்லூரிகளையும் நேரில் பார்த்துவிடலாம் என்று கிளம்பினோம்.

பக்கத்துக் காலேஜில் எனக்கு எல்லாமே பிடித்தது. கேண்டீன் டீ பிரமாதம் என்றேன். மரங்களைப் பார் என்றேன். வாட்ச்மேன் என்ன தன்மையாகப் பேசுகிறார் என்றேன். அவர் எங்களைப் பார்த்து, "வண்டியை இங்க விடாதீங்க" என்று மட்டும்தான் சொன்னார். நாங்கள் வண்டியிலும் வரவில்லை.

தூரத்துக் காலேஜில் ஸ்டேஷனில் இறங்கும்போதே எனக்குத் தலைவலி. குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்றேன். இந்த ஊர் வெயில் ஒரு மாதிரி இருக்கிறது என்றேன். "தாம்பரத்துல பனியா கொட்டுது?" என்றாள் எஸ்தர். ஹாஸ்டல் வாசலில் நாலு நாய்கள் படுத்திருந்தன. அவை கடிக்குமா என்று காவலாளியிடம் விசாரித்துக்கொண்டிருந்தேன். "பத்து வருஷமா இங்கதான் கெடக்கு சார், எந்திரிச்சே நான் பாத்ததில்ல" என்றார் அவர்.

திரும்பிப் பார்த்தால் பிரிசியைக் காணோம்.

தேடிப்போனேன். வெளிநோயாளிகள் பகுதியில் தரையில் ஒரு பெண் பாயில் படுத்திருந்தாள். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு மாணவி பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவளிடம் ஏதோ கேட்டுக் கேட்டுத் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டிருந்தாள். பிரிசி அவளுக்குப் பின்னால் நின்றாள். மாணவி நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன வேணும்?"

"ஒண்ணுமில்லக்கா. பாத்துட்டிருக்கேன்."

"சும்மாதான நிக்க? இந்த டார்ச்சப் புடி. அசைக்காத" என்று கையில் கொடுத்தாள். நோயாளியின் வாயைத் திறக்கச் சொல்லித் தொண்டையைப் பார்த்தாள். பிரிசி டார்ச்சைப் பிடித்தாள். இரண்டு நிமிஷம் இருக்கும். கை அசையவேயில்லை.

அவள் முகத்தை நான் தூணுக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன். நீட் ரிசல்ட் வந்த அன்றைக்குக்கூட அந்த முகம் அப்படி இல்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த இடத்தில்தான் எனக்குப் பயம் வந்தது. எங்களுக்கு அவள் ஒருத்திதான். சாயந்தரம் எங்கள் வீட்டு கேட்டின் தாழ்ப்பாள் 'டொக்'கென்று விழும்போது, நான் எந்த அறையில் என்ன செய்துகொண்டிருந்தாலும் நிமிர்வேன். அவள் வந்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் எனக்கு அன்றைய நாள் முடியும். அந்தச் சத்தம் இல்லாத சாயந்தரங்களை நான் என்ன செய்வேன்?

இதை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அட்டவணையில் இருபத்து நான்காவது அம்சமாகக்கூடப் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர், "எந்தக் காலேஜுக்காக ஜெபிக்கணும் பிரதர்?" என்று கேட்டார். "தேவ சித்தம் எதுவோ அது நடக்கட்டும் பாஸ்டர்" என்றேன். அவர் கண்ணை மூடியதும், "தினசரி போக்குவரத்து வசதியா இருக்கட்டும்னும் சேத்துக்கோங்க" என்றேன்.

டிங், டிங்

கடைசி நாளுக்கு முந்தின நாள், நான் சொல்லச் சொல்ல அவளே டைப் அடித்தாள். ஒன்று, பக்கத்துக் காலேஜ். இரண்டு, தூரத்துக் காலேஜ். சேமித்தாயிற்று.

"லாக் பண்ணிடலாமா?" என்றேன்.

"நாளைக்குப் பண்ணிக்கலாம்பா" என்றாள். குரலில் ஏதோ இருந்தது. நான் கேட்கவில்லை.

மறுநாள் பள்ளியில் அரைநாள் லீவு போட்டுவிட்டு நேராகக் குரோம்பேட்டை போனேன். தினமும் ரயிலில் போகப்போகிறவளுக்குச் சாப்பாட்டுப் பை வேண்டுமே. லாக் ஆகாத காலேஜுக்குப் பை வாங்கப் போன மனிதன் தமிழ்நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

முதல் போன் வந்தது அங்கேதான். வரலையேம்மா என்றேன். "எதுக்கும்மா ஓடிபி?" என்று ஒன்றும் தெரியாதவன் மாதிரி கேட்டேன்.

"லிஸ்ட்டுல ஒரு சேஞ்ச்ப்பா. வேற ஒண்ணுமில்ல."

இரண்டே கல்லூரிக்குத்தான் போட்டி. அதில் என்ன மாற்றம் இருக்க முடியும் என்று எனக்குத் தெரியாதா? டார்ச் பிடித்த கை கண் முன்னால் வந்தது.

ஐந்து நிமிஷத்தில் இரண்டாவது போன். "இன்னொரு தடவ அனுப்பியிருக்கேன்ப்பா. இப்ப பாருங்க."

டிங் என்றது. வேறு ஆறு எண்கள்.

"இங்க டவரே இல்லம்மா" என்றேன். எதிர்க் கட்டிடத்து மொட்டை மாடியில் மூன்று டவர்கள் வரிசையாக நின்றன. டவர் இல்லாவிட்டால் அவளுடைய போன் மட்டும் எப்படி வந்தது என்று நான் யோசிக்கவில்லை. பொய் சொல்வதில் எனக்கு அனுபவம் போதாது.

மூன்றாவது போன் வரக் கொஞ்சம் நேரமானது.

"அப்பா, இப்ப வந்துச்சா?"

இந்தத் தடவை அவள் குரல் மெதுவாக இருந்தது. கையில் போன் மறுபடியும் டிங் என்றது. அவளுக்கே கேட்டிருக்கும்.

"வரலம்மா."

"சரிப்பா. வந்தா சொல்லுங்க" என்று வைத்துவிட்டாள்.

கடையில் பைகளை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்த அம்மாள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். "இன்னா சார், மெசேஜ் வந்துகினே கீது. நீ பாட்டுக்கு வர்லன்ற?" என்றாள்.

"அது வேற மெசேஜ்" என்றேன். ஒரு பொய்யோடு நிறுத்திக்கொள்ள முடிகிறதா பாருங்கள்.

"சரி, பை யாருக்கு?"

"என் பொண்ணுக்கு. டாக்டருக்குப் படிக்கப் போறா."

"அட, பெரிய படிப்பு. அந்தப் பொண்ணையும் இட்டாந்துக்கலாம்ல சார்? நீ எடுத்துக்கீற கலர் கெழவனுங்க எடுத்துனு போற கலரு. அதுக்கு இன்னா கலர் புடிக்கும்?"

கையைப் பார்த்தேன். பழுப்பு நிறப் பை. என் ஆபீஸ் பை பழுப்பு. என் செருப்பு பழுப்பு. பிரிசிக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று யோசித்தேன். பதினாலு வருஷம் அவளுடைய எல்லா விண்ணப்பத்தையும் நிரப்பியவனுக்கு இந்த ஒரு கட்டம் காலியாக இருந்தது. அங்கேயே, அந்த ரெக்சின் வாசனைக்கு நடுவில், மேஜை மேல் இருந்த பி.காம். விண்ணப்பம் ஞாபகம் வந்தது. என் அப்பாவாவது வெளிப்படையாகச் செய்தார். நான் ஒளித்துச் செய்கிறேன்.

உடனே அவளைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. எஸ்தரைக் கூப்பிட்டேன். அவளும் எடுக்கவில்லை. கடைசியாக வந்த ஆறு எண்களையும் பிரிசிக்கு அனுப்பிவைத்தேன். அனுப்பிய பிறகுதான் கீழே சின்ன எழுத்தில் இருந்ததைப் படித்தேன். பத்து நிமிடத்துக்கு மட்டுமே செல்லும். பத்து நிமிடம் தாண்டியிருந்தது. மணி நாலை நெருங்கிக்கொண்டிருந்தது.

கேட் போட்டாச்சு

ஆட்டோ பிடித்தேன். ஜி.எஸ்.டி. சாலையில் டிராபிக் ஜாஸ்தி, அஸ்தினாபுரம் வழியாகப் போய்விடலாம் என்றார் டிரைவர். போனால் ரயில்வே கேட் மூடியிருந்தது.

ஒரு ரயில் போனது. கேட் திறக்கவில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொன்று வருகிறது என்றார்கள். நான் பிரிசியைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. போனில் சிவப்புக் கோடு வந்துவிட்டது. சார்ஜ் இல்லை. சற்று முன்பு டவர் இல்லை என்று பொய் சொன்னவனுக்கு, இப்போது நிஜமாகவே போன் கைகொடுக்கவில்லை.

"கொஞ்சம் சீக்கிரம் போப்பா" என்றேன்.

டிரைவர் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா சார் பேஜார் பண்ற? கேட்டு போட்டுக்கீறான். நான் இன்னா, ஆட்டோவை தூக்கி தலையில வெச்சிகினு தாண்டிக் குதிக்கவா?"

"அஞ்சு மணிக்குள்ள வீட்டுல இருக்கணும். பொண்ணு வாழ்க்கைப் பிரச்சனை."

அவர் முகம் மாறிவிட்டது. "வூட்டுல எதுனா சொல்லாம கொள்ளாம கல்யாணமா சார்? நீ ஒண்ணியும் பயப்படாத. கேட்டு தொறந்ததும் பாரு."

திறந்ததும் பார்த்தேன். அஸ்தினாபுரம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. செம்பாக்கம் ஏரியிலிருந்து காற்று முகத்தில் அடித்தது. ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு பஸ்ஸுக்கும் தண்ணி லாரிக்கும் நடுவில் புகுந்தபோது, தேவ சித்தம் எதுவோ அது நடக்கட்டும் என்று முதல் தடவையாக மனதாரச் சொன்னேன். சேலையூரில் வீட்டு வாசலில் இறங்கியபோது ஐந்துக்கு ஏழு நிமிஷம். "உடாத சார், மடக்கிப் பேசு" என்று வாழ்த்திவிட்டுப் போனார்.

கேட்டைத் திறந்துகொண்டு ஓடினேன். தாழ்ப்பாள் 'டொக்'கென்று விழுந்தது.

பிரிசி டைனிங் டேபிளில் உட்கார்ந்து மிக்சரில் வேர்க்கடலையை மட்டும் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தாள். லேப்டாப் மூடியிருந்தது. எஸ்தர் பக்கத்தில் விடைத்தாள் கட்டைப் பிரித்துவைத்திருந்தாள். அவள் நிமிரவேயில்லை.

"தொற, தொற! மறுபடி ஓடிபி அனுப்பு! இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு!" என்று கத்தினேன்.

"லாக் பண்ணிட்டேன்ப்பா."

"எப்படி? ஓடிபி?"

"மெயிலுக்கும் வரும்ப்பா. நீங்க ஆரம்பிச்சுக் கொடுத்தீங்கல்ல, டாக்டர் பிரிசில்லான்னு. அதுக்கு."

நாற்காலியில் உட்கார்ந்தேன். மூச்சு வாங்கியது. அப்பாடா என்றுகூட இருந்தது. "எப்ப வந்துச்சு?" என்றேன்.

"மொத தடவையே வந்துடுச்சு."

"அப்ப எதுக்கும்மா இன்னும் ரெண்டு தடவ போன் பண்ண?"

அவள் ஒரு வேர்க்கடலையை எடுத்து, தின்னாமல் மறுபடியும் தட்டில் வைத்தாள்.

"நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

எஸ்தர் விடைத்தாள் திருத்துவதை நிறுத்தினாள்.

"மூணாவது தடவைக்கு அப்புறம்தான்ப்பா லாக் பண்ணேன்" என்றாள் பிரிசி. "நம்பரைச் சொல்லிட்டு, 'போகாதம்மா, இங்கயே இரு'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா, இருந்திருப்பேனோ என்னவோ. எனக்கும் குழப்பமாத்தான் இருந்துச்சு."

அவள் கோபமாகப் பேசியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன். அவள் கோபப்படவில்லை. மிக்சர் தட்டை என் பக்கம் தள்ளிவைத்துவிட்டு உள்ளே போனாள். எனக்கு அழுகை வந்தது. ஐம்பத்து மூன்று வயது ஆம்பிளை, மடியில் பழுப்புப் பையை வைத்துக்கொண்டு, மிக்சர் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். எஸ்தர் என் கையிலிருந்து பையை வாங்கிப் பார்த்தாள். "நல்ல கலர். நீங்களே வெச்சுக்கோங்க" என்றாள்.

அந்தப் பையில்தான் இன்றைக்கும் என் மதியச் சாப்பாடு பள்ளிக்கூடத்துக்குப் போகிறது.

காலிக் கட்டம்

தூரத்துக் காலேஜ் கிடைத்தது. சேர்க்கை நாளன்று நீளமான ஒரு விண்ணப்பம் கொடுத்தார்கள். பழக்க தோஷம், சட்டைப் பையிலிருந்து கறுப்புப் பேனாவை எடுத்தேன். "நான் எழுதிக்கறேன்ப்பா" என்றாள். எழுதினாள். ஓரக்கண்ணால் பார்த்தேன். மாணவர் கைபேசி எண்ணில் அவளுடைய புது நம்பர். பெற்றோர் கைபேசி எண்ணில் எஸ்தர் நம்பர். ஒரு கட்டத்திலும் அடித்தல் திருத்தல் இல்லை. என்னிடமிருந்து கற்றுக்கொண்டிருக்கிறாள்.

அதற்குப் பிறகு சேலையூர் முழுக்கச் சிலிண்டர் புறப்பட்ட செய்தி எனக்கு வந்தது. என் மகளைப் பற்றி ஒரு செய்தியும் என் போனுக்கு வரவில்லை. அவள் லீவுக்கு வருவாள், சிரிப்பாள், என் பிரஷரைப் பார்ப்பாள், உப்பைக் குறைக்கச் சொல்வாள். நன்றாகத்தான் இருந்தாள். ஆனால் எந்த விண்ணப்பத்தையும் என்னிடம் காட்ட மாட்டாள். நானும் கேட்க மாட்டேன். 'மன்னிச்சுடும்மா' என்று ஒரு முறை சொன்னேன். "அதெல்லாம் எப்பவோ முடிஞ்சு போச்சுப்பா" என்றாள். முடிந்துபோகவில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

இப்படியே இரண்டு மூன்று வருஷம் போனது. போன மாதம் ஒரு நாள், பள்ளியில் மதியச் சாப்பாட்டு நேரம். பழுப்புப் பையைத் திறந்து கேரியரை எடுத்துக்கொண்டிருந்தேன். போன் டிங் என்றது. ஆறு எண்கள். ஏதோ மருத்துவப் பயிற்சிக்கான விண்ணப்பம் என்று ஆங்கிலத்தில் இருந்தது. விண்ணப்பதாரர் பெயர், பிரிசில்லா.

கேரியரைப் பாதியில் விட்டுவிட்டு அவளைக் கூப்பிட்டேன். ஒரே மணியில் எடுத்தாள்.

"வந்துடுச்சும்மா!" என்றேன். வணக்கமில்லை, ஒன்றுமில்லை. என் சத்தத்தில் பக்கத்து மேஜை டைப்பிஸ்ட் திரும்பிப் பார்த்தாள்.

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். "நான் இன்னும் உங்களைக் கூப்பிடவே இல்லையேப்பா."

"என் நம்பரா கொடுத்த?"

"ஆமா. காண்டாக்ட் நம்பர்னு ஒரு கட்டம் இருந்துச்சு. பரீட்சை முடிஞ்சு லீவுல ஒரு மாசம் ட்ரெய்னிங். எந்த ஆஸ்பத்திரின்னு வரிசை போடணும். பக்கத்துக் காலேஜும் லிஸ்ட்ல இருக்கு, மூணாவதா."

ஆறு எண்களையும் சொன்னேன். ஒவ்வொன்றாக. அவள் திருப்பிச் சொன்னாள். சரியாக இருந்தது. வைத்துவிடுவாள் என்று தெரிந்தது. கேரியரில் இருந்து ரசம் சொட்டி மேஜை மேல் ஓடிக்கொண்டிருந்தது.

"பிரிசி."

"சொல்லுங்கப்பா."

"எதை வேணா மொதல்ல போடு. ஆனா எனக்கு, நீ இங்க வந்தா நல்லா இருக்கும்மா. சாயந்தரம் நீ கேட்டைத் தொறக்கற சத்தம் கேக்கணும் போல இருக்கு."

சொல்லிவிட்டேன். அட்டவணை இல்லாமல்.

"அப்பா," என்றாள், "அந்த நம்பரை இன்னொரு தடவ சொல்லுங்க."

"ஏம்மா, தப்பா இருக்கா?"

"இல்லப்பா. வரிசையை மாத்தப் போறேன்."